கடல் வரைக்கும் ஸஹ்ரான்தான் ஓட்டுவான்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸஹ்ரான் எழுதச் சொன்னான். மஸ்கட்டுக்குத் தெற்கே இப்ரா ஊரில், அவன் வீட்டு வாசலில், பேரீச்சம்பழத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். "உன் கதையில வர்றவனுக்கெல்லாம் ஒரு வேலையும் கெடையாது. ஜன்னலப் பாத்துக்கிட்டே நிக்கிறான். ஒருத்தனையாவது வண்டி ஓட்ட விடேன்" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் அவன் சொன்னது உண்மை. என் கதைகளில் ஜன்னல்கள் அதிகம்தான்.

ஆகவே இது வண்டி ஓட்டும் கதை. பித்யா ஊர் எல்லையில் பாலை மணலுக்குள் இறங்கி, தெற்கே போய், பிறகு கிழக்கே திரும்பி, மேடுகளைத் தாண்டிக் கடலைத் தொடுவது. ஒரு பகல், இரண்டு வண்டிகள். முன்னால் சுவைலிம், பின்னால் ஸஹ்ரான், ஸஹ்ரானுக்குப் பக்கத்தில் நான். மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. முக்கியமான ஒன்றை மறைத்து வைத்து, பாதிக் கதைக்கு மேல் எடுத்து நீட்டி, உங்களை 'அட' சொல்ல வைப்பது. எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸஹ்ரானை வைத்து அப்படி விளையாட மனம் வரவில்லை. அதனால் இப்போதே சொல்கிறேன். அவனுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. அன்று காலை அது அவனுக்கும் மஸ்கட்டில் ஒரு டாக்டருக்கும் மட்டுமே தெரியும். வண்டியில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியாது, எழுதுகிற எனக்குத் தெரியும். நீங்கள் எழுதுகிறவன் பக்கம் இருந்துகொள்ளுங்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

விடியற்காலையின் இளம் ஒளியில் பாலைவனம் ஒரு பொன்—

[வேண்டாம். 'பாலைவனம்' என்று எழுதினாலே பொன் வந்துவிடுகிறது. பொன் வந்தால் பின்னாலேயே ஒட்டகம் வரும்.]

இரண்டாம் முயற்சி:

அன்று நாங்கள் மூவரும் புறப்பட்டபோது, திரும்பி வரும்போது யாராக இருப்போம் என்று—

[இது சினிமாப் போஸ்டர்.]

மூன்றாவது:

தார் ரோடு மணலுக்குள் முடிகிற இடத்தில் வண்டிகளை நிறுத்தி, டயர்களில் காற்றைக் குறைத்தோம்.

இது இருக்கட்டும். நடந்ததும் இதுதான். டயர் தளர்ந்தால்தான் மணலில் பரவி மிதக்கும், விறைப்பாக இருந்தால் புதைந்துவிடும். எனக்கு எப்போதும் வலது பின் டயர் ஒன்றுதான் ஒதுக்கப்படும். மற்றவற்றில் என்னை நம்ப மாட்டார்கள். நான் ரோட்டில் ஒழுங்காக ஓட்டுவேன். மணலில் நான் ஸ்டியரிங்கைத் தொட்டால் அரை மணி நேரத்தில் மண்வெட்டி வெளியே வரும். அதனாலேயே எனக்கு மண்வெட்டி என்று பெயர்.

"மண்வெட்டி ஏறியாச்சா?" என்று வண்டிக்கு வண்டி பேசும் ரேடியோவில் சுவைலிம் கேட்டான். ஏறியாச்சு என்றேன். முஹன்னா என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது என் மனைவிக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

அப்போது ஒட்டகம் வந்துவிட்டது. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் உண்மையிலேயே ஒன்று வந்து, ஸஹ்ரானின் வண்டி மூக்குக்கு ஓரமாக நின்று, வாயை அசைத்தபடி எங்களைப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் போனது. சுவைலிம் ஹாரன் அடித்தான். ஸஹ்ரான் ஏன் அடிக்கவில்லை என்று நான் அப்போது யோசிக்கவில்லை. அது பக்கவாட்டிலிருந்து வந்தது, அவன் அதைப் பார்க்கவே இல்லை என்பது இப்போது தெரிகிறது.

3

தெற்கே போவது சுகம். இருபுறமும் நீண்ட மணல் சுவர்கள், நடுவில் அகலமான பள்ளம். அங்கங்கே வன்னி மரங்கள், ஆடுகள் எட்டிக் கடித்துச் சமன் செய்த அடிக்கிளைகள், கீழே நிழல். சூடு ஏற ஏற பேச்சு குறைந்தது. யாரும் நிறுத்தவில்லை, அதுவாகவே நின்றுவிட்டது. வண்டி போகிறதா, மணல்தான் எங்களைத் தாண்டிப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறதா என்று சொல்ல முடியாத ஒரு நேரம் வந்தது. நான் தூங்கவும் இல்லை, விழித்திருக்கவும் இல்லை. முன்னால் சுவைலிம் வண்டியின் நெட்டைக் கம்பியில் ஆரஞ்சுக் கொடி ஆடிக்கொண்டே போனது. எங்கள் வண்டி அந்தக் கொடிக்குப் பின்னால் ஒட்டியபடி போனது. இவ்வளவு நெருக்கமாக ஏன் போகிறான் என்று எனக்குத் தோன்றியது. கேட்கும் அளவுக்கு அதில் அக்கறை எழவில்லை. அப்படி ஒரு மயக்கம்.

[இப்படியே நான்கு பக்கம் எழுத முடியும். எழுதியும் வைத்திருந்தேன். ஸஹ்ரானுக்குப் படித்துக் காட்டியபோது அவன் தூங்கிவிட்டான்.]

சுவைலிமை எழுதுவதில் எனக்கு ஒரு சிக்கல் உண்டு. அவனை எழுத உட்கார்ந்தாலே வேடிக்கைக்காரனாக வந்து நிற்கிறான். வேடிக்கைக்காரன்தான், மறுக்கவில்லை. ஆனால் மணலில் அவனிடம் விளையாட முடியாது. அவன் அண்ணன் ஒருமுறை எங்களோடு வந்தபோது ஸ்டியரிங்கில் தலை சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார். சுவைலிம் ஓடிப்போய் எல்லார் முன்னாலும் சாவியை உருவிக்கொண்டான். தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அண்ணன் அதற்குப் பிறகு எங்களோடு வந்ததே இல்லை. ஊரில் எங்களைப் பார்த்தாலும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். இந்தச் சம்பவத்தை ஸஹ்ரான் மறக்கவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மற்ற எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை.

4

உம்மு ஸுரூரின் கூடாரத்தில் காபி குடித்தோம். ஓலைத் தட்டி, மேலே தார்ப்பாய், உள்ளே விரிப்பு. ஆடுகளை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் பாதி வருடம் அங்கேதான் இருப்பாள். மணல் பக்கத்துப் பெண்கள் போடும் முகமூடிக்குப் பின்னால் அவள் சிரிப்பது கண்ணிலேயே தெரிந்துவிடும்.

உட்கார்ந்ததும் செய்தி கேட்டாள். எங்களுக்குள் யார் யாரைச் சந்தித்தாலும் செய்தி கேட்டாக வேண்டும். முதல் பதில் எப்போதும் ஒன்றுதான்: 'செய்தி இல்லை, எல்லாம் நலம்.' வீடு பற்றி எரிந்திருந்தாலும் அதுதான் முதல் பதில். அடுத்து அவர்கள் 'வேற?' என்பார்கள். அதற்குப் பிறகுதான் வீடு எரிந்ததைச் சொல்ல வேண்டும். எங்களில் ஸஹ்ரான்தான் மூன்று மாதம் மூத்தவன். அதனால் பதில் சொல்லும் உரிமை அவனுடையது. செய்தி இல்லை என்றான். வேற என்றாள். மழை இல்லை, பித்யாவில் ஒரு கல்யாணம், தீவனம் விலை ஏறியிருக்கிறது என்று வரிசையாகச் சொன்னான். தன் செய்தியைச் சொல்லவில்லை.

உம்மு ஸுரூர் காபியை ஊற்றி, அவன் வலது பக்கமாக நீட்டினாள். அவன் கை நேராக முன்னால் போய்க் காற்றைப் பிடித்தது. விரல்கள் அங்கே இல்லாத கிண்ணத்தைச் சுற்றி மூடின.

அவள் கிண்ணத்தைக் கொண்டுபோய் அந்த விரல்களுக்குள் வைத்தாள். சுவைலிம் வெளியே ஆட்டுக்குட்டியோடு பேசிக்கொண்டிருந்தான். என் காபி ஆறிப்போனது.

*
இந்த இடத்தில் உம்மு ஸுரூர் என்னிடம் ஒரு வார்த்தை ஆழமாகச் சொன்னதாக ஒரு வரைவில் எழுதியிருந்தேன். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. கிளம்பும்போது, "தண்ணி போதுமா புள்ளைங்களா?" என்றாள். அவ்வளவுதான்.

5

வண்டியில் ஏறியதும் கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"எப்பலேர்ந்துடா?"

அவனும் வளைக்கவில்லை. "ரெண்டு வருசமா ஓரத்துல பார்வை கொறஞ்சுக்கிட்டே வருது. இப்ப நடுவுல ஒரு உள்ளங்கை அளவு இருக்கு. அதுவும் வெளிச்சம் ஒழுங்கா இருந்தாத்தான்."

"அப்ப இவ்வளவு நேரம்?"

"சுவைலிம் கொடியத்தான் புடிச்சுக்கிட்டு வர்றேன்."

எனக்குப் பயம் வந்தது. பயத்துக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. நண்பனுக்குக் கண் போகிறது என்று கேட்டதும் முதலில் துக்கம்தான் வர வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு வரவில்லை, அது மிகவும் பிந்தித்தான் வந்தது. "உன் கழுத்தோட என் கழுத்தும் இந்த வண்டியிலதாண்டா இருக்கு" என்று கத்தினேன். அவன் கத்தவில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். வரும் வாரம் சொல்லிவிடுவானாம். இனி ரோட்டில்கூட ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பிறகு அன்றைய திட்டத்தைச் சொன்னான். அதை அவன் வார்த்தையிலேயே தருகிறேன்.

"கடல் வரைக்கும் நான் ஓட்டிடறேன். அங்க எறங்கி, சாவிய நானே சுவைலிம் கையில குடுத்துடறேன். குடுக்கணும்டா. அவன் வந்து புடுங்கக் கூடாது."

மணல் சுவர்கள் மறுபடியும் இருபுறமும் நகரத் தொடங்கின. முன்பிருந்த அதே மயக்கம் வந்தது, ஆனால் இப்போது நான் அதற்குள் கண்ணை அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

6

சுவைலிமிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஸஹ்ரானுக்கு நல்லவனாக இருப்பதைவிட அவனை உயிரோடு வைத்திருப்பது மேல் என்று தோன்றியது. கிழக்கே திரும்பி முதல் மேட்டைத் தாண்டியதும், வழக்கம்போல ரேடியோவில் சுவைலிம் கேட்டான்.

"மண்வெட்டி, என்ன செய்தி?"

பட்டனை அழுத்தினேன். வாயைத் திறந்தேன். பிறந்ததிலிருந்து பழகிய வாய்.

"செய்தி இல்ல, எல்லாம் நலம்."

அவன் 'வேற?' என்று கேட்பான், அப்போது சொல்லிவிடலாம் என்று பட்டனை விட்டுக் காத்திருந்தேன். அவனும் கேட்டிருப்பான். ஆனால் அந்த நொடி அவன் வண்டி அடுத்த மேட்டுக்கு அப்பால் இறங்கிவிட்டது, ரேடியோவில் கரகரப்பு மட்டும் மிஞ்சியது. திரும்பத் திரும்ப அழுத்தினேன். எல்லாம் நலம் என்ற நிம்மதியோடு சுவைலிம் கடற்கரையில் மீன் சுடப் போய்க்கொண்டிருந்தான்.

ஸஹ்ரான் சிரித்தான், வெகுநேரம் சிரித்தான். "நல்லா சொன்னடா, எழுத்தாளா." எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் ஆபத்துக்கு உதவி கேட்க ரேடியோவை எடுத்து, எல்லாம் நலம் என்று சொல்லிவிட்டு வைத்திருக்க மாட்டான்.

7

கொடி போய்விட்டது. அதோடு கடல் பக்கமிருந்து ஈரமான மூடுபனியும் வந்துவிட்டது. உச்சி வெயில் அதன் மேல் விழுந்து எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிட்டது. மேடு எது பள்ளம் எது என்று எனக்கே தெரியவில்லை. நடுப்பகலில் மணலுக்கு நிழல் இருக்காது, நிழல் இல்லாவிட்டால் உருவமும் இருக்காது. ஸஹ்ரான் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வண்டியை மேட்டில் ஏற்றினான். வண்டி உச்சியில் போய் நின்றது. முன் சக்கரங்களுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. கீழே எங்கேயோ கடல் இரைந்தது.

நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். காலடியில் சுவைலிமின் டயர்த் தடம் செங்குத்தாகக் கீழே இறங்கியது. குனிந்தால்தான் தெரிந்தது. கடைசி மேடு இதுதான். இப்படிப்பட்ட சரிவில் நேராக இறங்க வேண்டும், மெதுவாக, பிரேக்கைத் தொடாமல். கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பினாலும் வண்டி உருண்டுவிடும். இது எனக்கே தெரியும் என்றால் எல்லாருக்கும் தெரியும் என்றுதான் அர்த்தம்.

இப்போது கதை இரண்டு பக்கமாகப் போகலாம்.

முடிவு அ: காத்திருக்கிறோம். மீன் கருகியதும் சுவைலிம் தேடிக்கொண்டு வருகிறான். கேட்கிறான், தெரிந்துகொள்கிறான், சாவியை உருவுகிறான். யாருக்கும் கீறல்கூட இல்லை. [மிகப் பாதுகாப்பான முடிவு. என் மனைவிக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஸஹ்ரானுக்குப் படித்துக் காட்டியபோது அவன் எழுந்து உள்ளே போய்விட்டான்.]

முடிவு ஆ: நான் ஓட்டுகிறேன். மண்வெட்டி அன்றைக்கு ஒரு வீரனாக மாறி வண்டியைக் கீழே கொண்டுசேர்க்கிறான். [இது கதைக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்ளும் மாலை. நான் அந்தச் சரிவைப் பார்த்தேன். நான் ஓட்டியிருந்தால் உருண்டிருப்போம்.]

நான் அவன் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அவன் முகத்தை என் பக்கம் திருப்பி, என்னைத் தேடிக் கண்டுபிடித்து, அந்த உள்ளங்கை அளவுக்குள் என்னை வைத்துக்கொண்டான்.

"எறங்க ஒரு குறி இருந்தா போதும்டா" என்றான். "கீழ நேர் எதுக்க ஏதாவது ஒண்ணு தெரிஞ்சா, அதப் பாத்துக்கிட்டு வந்துருவேன்."

"கீழ ஒண்ணுமே இல்லயே."

"நீ இருக்கலாம்ல."

எனக்குத் துக்கம் அப்போதுதான் வந்தது. சரி என்று தலையை ஆட்டினேன். அவனுக்கு அது தெரியாது என்று தோன்றி, சரி என்று வாயாலும் சொன்னேன்.

*
கடற்கரையில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் வைத்தால் அதுவே முடிவு என்று நினைத்துக்கொள்வீர்கள். ஸஹ்ரான் வண்டியை நெருப்புக்குப் பக்கத்தில் நிறுத்தி, இறங்கி, சாவியை நீட்டினான். கண் விஷயத்தை ஒரே வாக்கியத்தில் சொன்னான். சுவைலிம் மீனைத் திருப்பிக்கொண்டிருந்தான். "இருடா, கையெல்லாம் எண்ணெய்" என்றான். அங்கியில் கையைத் துடைத்தான், மறுபடியும் துடைத்தான், பிறகு இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்கிக்கொண்டான். அவன் வேடிக்கையாக எதுவும் பேசாத நாள் அது ஒன்றுதான்.

8

ஆகவே ஸஹ்ரான் பிழைத்தான், நானும் பிழைத்தேன், சாவி கொடுக்கப்பட்டது. பிறகு எதற்கு இன்னொரு பகுதி என்று கேட்பீர்கள்.

நான் தடத்தின் மேலேயே கால் புதையக் கீழே இறங்கினேன். சமதரைக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். மேலே வண்டி ஒரு சாம்பல் பொட்டாகத் தெரிந்தது. என் அங்கியும் வெள்ளை, மணலும் வெள்ளை, காற்றும் வெள்ளை. நான் இருப்பது எனக்கே தெரியவில்லை, அவனுக்கு எப்படித் தெரியும். தலைப்பாகையை அவிழ்த்தேன். கத்தரிப்பூ நிறம், என் மனைவி எடுத்தது. இரண்டு கையாலும் விரித்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். மேலே ஹாரன் ஒருமுறை அடித்தது. தெரிகிறது என்று அர்த்தம்.

வண்டி மூக்கைக் கவிழ்த்து இறங்கத் தொடங்கியது.

அதன் பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மேலே நின்று பேசியபோது அது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. நான் எந்தப் பக்கம் ஒதுங்குகிறேனோ அவனும் அந்தப் பக்கம்தான் திருப்புவான். திருப்பினால் உருளுவான். வண்டி தரையைத் தொட்டு நேராகும் வரை நான் நகரக் கூடாது. தரையைத் தொடும்போது அது எனக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று நான் கணக்குப் போட்டு நிற்கவில்லை. தலைப்பாகையை நான் அங்கேயே விட்டுவிட்டு ஓடியிருக்கலாமா? காற்றில் அது பறந்துபோகும், அவனும் அதைத் துரத்திக்கொண்டு போவான்.

கடைசிச் சில கெஜத்தில் அந்த நிறம் பானட்டுக்குக் கீழே போய் அவன் பார்வையிலிருந்து மறைந்துவிட்டதாம். அப்போது நீ நின்றுகொண்டிருந்தாயா, ஒதுங்கிவிட்டாயா என்று அவன் இன்றுவரை கேட்கவில்லை. கேட்பான் என்று நான் காத்திருக்கிறேன். இதை அவன் மகள் அவனுக்குப் படித்துக் காட்டுவாள். இந்த வரிக்கு வந்ததும் அவன் முகத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவருவான் என்று எனக்குத் தெரியும்.

நான் நின்றேன் என்று எழுதிப் பார்த்தேன். எழுத்தில் அது கொழுப்பாக இருந்தது. ஒதுங்கினேன் என்று எழுதிப் பார்த்தேன். அந்தக் காகிதத்தை அவன் மகள் கையில் கொடுக்க என்னால் முடியாது. இரண்டில் ஒன்று நடந்தது. எது என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

அதற்குப் பதிலாக உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். எனக்குக் கை வலிக்கிறது, இந்தத் தலைப்பாகையைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு முனையையும் பிடித்து, நன்றாக விரித்து, தலைக்கு மேல் தூக்குங்கள். இஞ்சின் சத்தம் பெரிதாகிறது, மணல் உங்கள் பாதத்துக்கு மேல் சரிந்து வருகிறது, அது இருக்கட்டும். கீழே பார்க்காதீர்கள். அவனுக்கு உங்கள் முகம் தெரியாது, நீங்கள் யார் என்றும் தெரியாது. அவன் உங்களைப் பார்த்துத்தான் வந்துகொண்டிருக்கிறான்.